அணிந்தவர் பெயரும் நெய்தவர் பெயரும்



இந்நூலகத்தின் ஆண்டு விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் என்னை அழைத்தபோது, பொருளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையையும் எனக்கே விட்டுவிட்டார். சில மாதங்களாக நான் சிரத்தையுடன் படித்துவரும் சஞ்சிகைகளைப் பற்றிப் பேசுகிறேன் என்றேன். இலக்கிய இதழ்களையோ ஆராய்ச்சி இதழ்களையோ அவர் எதிர்பார்த்திருக்கக்கூடும். நடிகையரும் செல்வச் சீமாட்டிகளும் உடுத்தும் ஆடைகளையும், அவர்கள் கலந்துகொள்ளும் விழாக்களையும், அவ்விழாக்களின் படங்களையும் பக்கம் பக்கமாகப் பிரசுரிக்கும் வழவழப்பான இதழ்களே என் பொருள் என்று சொன்னபோது, அவர் சற்றே தயங்கினார். ஆயினும் பெருந்தன்மையோடு இசைந்தார். அவருக்கு என் நன்றி.

அன்பர்களே, இவ்வகை இதழ்களைக் கையில் எடுப்பதே கௌரவக் குறைவு என்று கருதும் படித்தவர்கள் நம்மிடையே உண்டு. அக்கருத்தை நான் ஏற்பதில்லை. உடுப்பது அற்பமான விஷயமானால், சேர நாட்டு இளவரசராகிய இளங்கோவடிகள் புகார் நகரத்தின் வீதிகளை வருணிக்கும்போது நுண்ணிய துணி நெய்வோர் வாழ்ந்த பகுதிக்கும் இடம் கொடுத்திருப்பாரா? ஒரு காலத்து மக்கள் எதனை அழகென்று போற்றினார்கள், யாரைக் கண்டு வியந்தார்கள், யாரைப் போல் உடுக்க ஆசைப்பட்டார்கள் என்பதையெல்லாம் வருங்காலத்தவர் தேடிப் புறப்பட்டால், அவர்கள் முதலில் புரட்டப்போகும் ஏடுகள் இவையாகவே இருக்கும். ஆகையால்தான் இவற்றை நான் மதித்துப் படிக்கிறேன். மதித்துப் படிப்பதனால்தான் இவற்றின்மேல் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டாயிற்று. அந்த மனக்குறையே இன்றைய என் பேச்சு.

அது எங்கே தொடங்கியது என்பதைச் சொல்லுகிறேன்.

நியூயார்க் நகரிலுள்ள மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், அதன் ஆடைப் பிரிவுக்கு நிதி திரட்டுவதற்காக, ஆண்டுதோறும் மே மாதத்து முதல் திங்கட்கிழமையன்று ஒரு பெருவிழா நடைபெறுகிறது. 'மெட் காலா' என்று அதனை அழைக்கிறார்கள். 2024-ஆம் ஆண்டு விழாவிலே நம் நாட்டு நடிகை ஆலியா பட், கல்கத்தாவின் சப்யசாச்சி முகர்ஜி வடிவமைத்த ஒரு புடவையை உடுத்திப் படியேறினார். இளம்பச்சை நிறம், உடலெங்கும் மலர்ப் பின்னல் வேலை, பின்னே இருபத்து மூன்று அடி நீளத்துக்கு இழைந்துவந்த முந்தானை. உலகத்துப் பேரழகியரும் பெருஞ்செல்வரும் கூடிய அச்சபையில், வெட்டித் தைத்த உடைகளுக்கு நடுவே, புடவை ஒன்று தன் கம்பீரம் குன்றாமல் நின்ற அப்படத்தைக் கண்டபோது என் நெஞ்சு நிறைந்தது. அந்தப் பக்கத்தை வெகுநேரம் திருப்பாமல் வைத்திருந்தேன்.

அப்புடவை உருவாவதற்கு 163 பேர் உழைத்தார்கள் என்றும், அவ்வுழைப்பு மொத்தம் 1965 மணி நேரம் என்றும் அறிவிக்கப்பட்டிருந்தது. தலைமைக் கைவினைஞர், பின்னல் வேலை செய்வோர், ஓவியர், சாயமிடுவோர் என்று அவர்களின் வகையும் சொல்லப்பட்டிருந்தது. நடிகையே இதனைத் தம் வாயால் எடுத்துச் சொன்னார் என்பதைக் குறிப்பிட வேண்டும். அது அவருடைய நல்ல மனத்தைக் காட்டுகிறது. நான் ஆவலுடன் மேலே படித்தேன். வடிவமைத்தவர் பெயர் இருந்தது. அணிந்தவர் பெயர் இருந்தது. அந்த 163 பேரில் ஒருவர் பெயராவது இருந்ததா? நான் படித்த பத்திரிகை எதிலும் இல்லை. எண்ணிக்கை இருந்தது, நாழிகைக் கணக்கு இருந்தது, ஆள் இல்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வழக்கமன்று. 2011-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் இளவரசர் வில்லியம் மணந்த கேட் மிடில்டன் அம்மையாரின் திருமண உடையை நினைத்துப் பாருங்கள். சாரா பர்ட்டன் வடிவமைத்த உடை அது. அதன் லேஸ் பின்னல் மலர்களை ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையிலுள்ள அரச ஊசிவேலைப் பள்ளியார் கையாலேயே தைத்து இணைத்தார்கள். நூலும் துணியும் மாசுபடாதிருக்க அவர்கள் முப்பது நிமிஷத்துக்கு ஒருமுறை கை கழுவினார்கள் என்றும், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புதிய ஊசி மாற்றினார்கள் என்றும் அரண்மனையே அறிவித்தது. உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் அதனை எடுத்து எழுதின. ஓர் ஊசியின் ஆயுளைக்கூட உலகம் அறிந்தது. அவ்வூசியைப் பிடித்த பெண்களை அறிந்ததா?

"ஐயா, நூற்றுக்கணக்கான பெயர்களை ஒரு பத்திரிகை எப்படிப் பிரசுரிக்கும்? இடம் வேண்டாமா?" என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் அதே பக்கத்தின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். மிகச் சிறிய எழுத்தில், படம் பிடித்தவர் பெயர் இருக்கும். கூந்தல் அலங்காரம் செய்தவர் பெயர், முகத்துக்கு ஒப்பனை செய்தவர் பெயர், உடைகளைத் தேர்ந்து அடுக்கியவர் பெயர், காதணி வந்த கடையின் பெயர் எல்லாம் இருக்கும். அவை இருப்பது நியாயமே, அவர்களும் உழைத்தவர்கள்தாம். ஒரு மாலைப்பொழுதில் கூந்தலை முடித்தவருக்கு அவ்வளவு இடம் உண்டென்றால், நாட்கணக்கில் துணிமேல் குனிந்திருந்தவருக்கு அதில் பாதி இடம் கிடையாதா? நம் திரைப்படங்களைப் பாருங்கள். படம் முடிந்து விளக்கெரிந்த பிறகும், கொட்டகையை விட்டு மக்கள் வெளியேறிக்கொண்டிருக்கும்போதும், திரையிலே பெயர்கள் ஓடிக்கொண்டேயிருக்கின்றன. விளக்குத் தூக்கியவர் பெயரும் வண்டி ஓட்டியவர் பெயரும் அதில் வருகின்றன. சினிமாவினால் இயன்றது சஞ்சிகையினால் இயலாதா?

இந்த நினைவோடு பழைய இதழ்களையும் தேடிப் படிக்கலானேன். அவ்வாறு தேடியபோது எனக்கு அறிமுகமானவர் ஓர் அம்மையார். இன்று உங்களுக்கு அவரைச் சற்று விரிவாகவே அறிமுகப்படுத்த வேண்டும் என்பது என் விருப்பம்.

1953-ஆம் ஆண்டு செப்டம்பர் 12-ஆம் நாள், அமெரிக்காவில் ரோட் ஐலந்து மாநிலத்தின் நியூபோர்ட் நகரில், செனட்டர் ஜான் கென்னடிக்கும் ஜாக்குலின் பூவியே என்னும் இளம்பெண்ணுக்கும் திருமணம் நடந்தது. பின்னாளில் குடியரசுத் தலைவராகவும் அவர் மனைவியாகவும் உலகமெங்கும் புகழ்பெற்ற அந்தத் தம்பதியின் மணக்கோலத்தை அக்காலத்துப் பத்திரிகைகள் போட்டியிட்டுப் பிரசுரித்தன. தந்த நிறப் பட்டில் சுமார் ஐம்பது கெஜம் கொண்டு தைத்த அந்த மணவுடையைப் படத்தில் பார்த்திருக்கிறேன். விரிந்த பாவாடையில் வட்ட வட்டமாகச் சுருக்கிய மடிப்புகள். அவற்றின் இடையே வைத்துத் தைத்த சின்னஞ்சிறு மலர்கள். நியூயார்க் டைம்ஸ் நாளேடு அவ்வுடையை வருணித்து எழுதிற்று. தைத்தவர் பெயரை எழுதவில்லை.

தைத்தவர் பெயர் ஆன் லோ. அலபாமா மாநிலத்திலே கிளேட்டன் என்னும் சிற்றூரில் பிறந்த கறுப்பினப் பெண்மணி. அவருடைய பாட்டி அடிமையாகப் பிறந்து விடுதலை பெற்றவர், தையலில் தேர்ந்தவர். பாட்டியிடமிருந்து தாய்க்கும், தாயிடமிருந்து மகளுக்கும் அக்கலை வந்தது. தாயார் திடீரென்று காலமானபோது, அலபாமா ஆளுநரின் மனைவிக்காக அவர் தைத்துக்கொண்டிருந்த விருந்துடைகள் முடிவுறாமல் கிடந்தன. பதினாறு வயதே நிரம்பியிருந்த ஆன், துக்கத்தின் நடுவே அவற்றைத் தாமே தைத்து முடித்துக் கொடுத்தார். பிறகு 1917-இல் நியூயார்க்கில் ஒரு தையற் பள்ளியிலே சேர்ந்தார். அங்கே வெள்ளை மாணவியர் அவரோடு ஒரே அறையில் அமர மறுத்தார்கள். தனி அறையிலே, தனியே அமர்ந்து, அவர் கற்றார்.

அந்தத் திருமணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது என்ன நேர்ந்தது தெரியுமா? அவருடைய தையற்கூடத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து வெள்ளம் புகுந்தது. மணமகளுக்கும் தோழியருக்குமாகத் தைத்து வைத்திருந்த பதினைந்து உடைகளில் பத்து பாழாயின. மணவுடையும் அவற்றுள் ஒன்று. சுமார் இரண்டு மாத உழைப்பு ஒரே நாளில் கரைந்துபோயிற்று. வேறொருவராயிருந்தால் மணமகள் வீட்டாரிடம் ஓடிச் சென்று அழுதிருப்பார். ஆன் லோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. தம் கைப்பணத்தில் மீண்டும் துணி வாங்கினார். கூலி கொடுத்து ஆட்களை அமர்த்தினார். இரவும் பகலும் தைத்து, அத்தனையையும் திரும்ப உண்டாக்கினார். எழுநூறு டாலர் ஆதாயம் வர வேண்டிய வேலையில் இரண்டாயிரத்து இருநூறு டாலர் நஷ்டம் ஏற்பட்டது. அந்த நஷ்டத்தையும் அவர் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

உடைகளை எடுத்துக்கொண்டு நியூபோர்ட் மாளிகை வாசலுக்கு அவரே போனார். பின்வாசல் வழியாக வரும்படி அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். முன்வாசல் வழியாக விடாவிட்டால் உடைகளைத் திரும்ப எடுத்துச் செல்வேன் என்று அந்த அம்மையார் பதில் சொன்னார். முன்வாசல் திறந்தது. பெரியோர்களே, பணத்தைப் பற்றி வாய் திறவாதவர், தம் மதிப்பைப் பற்றி வாய் திறந்த இடம் அது. நான் படித்தவற்றில் என்னை மிகவும் அசைத்த சம்பவமும் அதுவே.

பிறகும் ஒருமுறை அவர் வாய் திறந்தார். 1961-இல் ஒரு பெண்கள் பத்திரிகை, குடியரசுத் தலைவர் மனைவியின் மணவுடையைத் தைத்தவர் 'ஒரு கறுப்பினத் தையற்காரி' என்று, பெயரில்லாமல் எழுதிவிட்டது. அதனைப் படித்து நெஞ்சு புண்பட்ட ஆன் லோ, ஜாக்குலின் அம்மையாருக்கே ஒரு கடிதம் எழுதினார். தாம் விளம்பரத்தை நாடியவரல்லர் என்றும், ஆனால் தம்மைக் குறிப்பிடுவதானால் புகழ்பெற்ற கறுப்பின ஆடைக் கலைஞர் என்று குறிப்பிட வேண்டும் என்றும், தாம் எல்லா வகையிலும் அப்படிப்பட்டவரே என்றும் அக்கடிதத்தில் தெரிவித்தார். எத்தனை நேர்மையான கோரிக்கை! அவர் கூலியை உயர்த்தக் கேட்கவில்லை, நஷ்டஈடு கேட்கவில்லை, உரிய பெயரால் தம்மை அழைக்கக் கேட்டார்.

இங்கே ஒரு விஷயத்தை மனப்பூர்வமாக ஒப்புக்கொள்ள வேண்டும். பத்திரிகை மறைத்ததைப் பத்திரிகைதான் மீட்டது. 1964-இல் 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' அவரைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. 1966-இல் கறுப்பின மக்களின் இதழாகிய 'எபனி' அவரைத் தக்கபடி சிறப்பித்தது. அதற்குள் கண்ணோயினால் ஒரு கண்ணை இழந்து, கடனிலும் வரிப் பாக்கியிலும் துன்பப்பட்டிருந்தார் அவர். 1981-இல் காலமானார். அண்மையில், 2023-இல், டெலவேர் மாநிலத்து விண்டர்தர் அருங்காட்சியகம் அவர் படைத்த உடைகள் பலவற்றைத் திரட்டிப் பெரியதொரு கண்காட்சி நடத்திற்று. பாஸ்டனிலுள்ள கென்னடி நூலகத்தில் இருக்கும் மணவுடை மிகவும் நைந்துபோனபடியால், கண்காட்சிக்கென்று அதனை அப்படியே புதிதாகத் தைத்தார்கள். தைத்தவர்கள் ஆன் லோவின் ஒவ்வொரு தையலையும் ஆராய்ந்து தைத்தார்களாம். எழுபது ஆண்டுகளுக்குப் பின்னர் அவர் கைக்குக் கிடைத்த மரியாதை அது.

அமெரிக்க நாட்டுக் கதை நமக்கெதற்கு என்று கேட்கிறீர்களா? வாருங்கள், இதே சென்னைக்கு வருவோம்.

இந்நகரம் துணிக்காகப் பிறந்த நகரம். கிழக்கிந்தியக் கம்பெனியார் இந்த மணற்கரையிலே கோட்டை கட்டியதற்குப் பெருங்காரணம், நம் நெசவாளரின் பருத்தித் துணி இங்கே நயமாகக் கிடைத்ததுதான். இங்கே கவர்னராயிருந்த எலிஹு யேல், 1718-இல் அமெரிக்கக் கனெக்டிகட்டிலுள்ள ஒரு கல்லூரிக்கு அனுப்பிய நன்கொடையில் நூல்களோடு துணிப்பொதிகளும் இருந்தன. அவற்றை விற்ற பணத்தில் எழும்பிய கல்லூரி அவர் பெயரைத் தாங்கி இன்று யேல் பல்கலைக்கழகமாக விளங்குகிறது. கொடுத்தவர் பெயர் உலகெங்கும் பரவியது. துணியை நெய்தவரை யாரும் தேடவில்லை; இப்போது தேடினாலும் அகப்படமாட்டார்.

இருபதாம் நூற்றாண்டில் மற்றொரு சம்பவம். 1958-இல் ஓர் அமெரிக்க இறக்குமதியாளர், கண்ணூரைச் சேர்ந்த கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் கட்டம் போட்ட மதராஸ் கைத்தறித் துணியை மொத்தமாக வாங்கிச் சென்றார். பின்னாளில் லீலா ஹோட்டல்களை நிறுவியவர் இந்த நாயர்தாம். இயற்கைச் சாயத்தில் தோய்த்த அத்துணியைக் குளிர்ந்த நீரில் தனியே, மெதுவாக அலச வேண்டும் என்று நாயர் சொல்லியனுப்பினார். அச்செய்தி வழியிலேயே தவறிப்போயிற்று. நியூயார்க்கின் பெயர்பெற்ற புரூக்ஸ் பிரதர்ஸ் கடையார் அதில் சட்டைகள் தைத்து விற்றார்கள். வாங்கியவர்கள் இயந்திரத்திலிட்டுத் துவைத்தார்கள். சாயம் கரைந்து ஒன்றோடொன்று கலந்துவிட்டது. வழக்குப் போடுவதாக நாயரை மிரட்டினார்கள். அந்தச் சமயத்தில் 'செவன்டீன்' என்னும் இளம்பெண்களின் பத்திரிகை நாயரைப் பேட்டி கண்டு, ஒவ்வொரு துவைப்புக்கும் நிறம் மாறி மாறிப் புதிய அழகு பெறும் இந்தியக் கைத்தறி அதிசயம் என்று அத்துணியைக் கொண்டாடிப் பல பக்கங்கள் எழுதிற்று. அவ்வளவுதான்! குற்றம் என்று கருதப்பட்டதே குணமாயிற்று. அமெரிக்க இளைஞரெல்லாம் சாயம் கரையும் மதராஸ் துணியைத் தேடி வாங்கலாயினர். நாயர் பல காலம் சொல்லிவந்த வரலாறு இது.

இதனைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமும் உண்டாயிற்று, வருத்தமும் உண்டாயிற்று. ஒரு பத்திரிகையின் சில பக்கங்களுக்கு எத்தனை பெரிய சக்தி இருக்கிறது! நஷ்டத்தில் மூழ்கவிருந்த வியாபாரத்தை அவை தூக்கி நிறுத்தின. நம் ஊரின் பெயரைக் கடல் கடந்து ஒவ்வோர் இளைஞன் வாயிலும் வைத்தன. அந்தக் கதையிலே வாங்கியவர் வருகிறார், விற்றவர் வருகிறார், எழுதிய பத்திரிகை வருகிறது. தறியில் இருந்தவர் எங்கே?

ஊர்ப்பெயர் காக்கப்படுவதும் ஒரு நன்மைதான். அதனை நான் குறைத்துப் பேசவில்லை. 2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலான் நகரத்து அணிவகுப்பில் நம் கோலாப்பூர்ச் செருப்பைப் போன்றதொரு செருப்பை, ஊர்ப்பெயரே சொல்லாமல், தோற்செருப்பு என்று மட்டும் குறித்துக் காட்டியபோது, மராட்டியத்திலும் கர்நாடகத்திலும் கைவினைஞர் கொதித்தெழுந்தார்கள். 2019 முதல் புவிசார் குறியீடு பெற்ற பொருளாகையால் அவர்கள் குரலுக்கு வலிமை இருந்தது. அந்நிறுவனமும் அச்செருப்பின் மூலம் இந்தியக் கைவினையே என்பதை ஒப்புக்கொண்டது. 2023 மார்ச் மாதத்தில் பாரிஸின் டியோர் நிறுவனம் மும்பையின் இந்திய வாயிலருகே தன் அணிவகுப்பை நடத்தி, பல ஆண்டுகளாகத் தனக்குப் பின்னல் வேலை செய்துவரும் மும்பைப் பட்டறையின் பெயரை உலகறியச் சொன்னதும் நல்ல மாறுதலே. ஊரின் பெயர் வந்துவிட்டது. பட்டறையின் பெயர் வந்துவிட்டது. இன்னும் ஒரு படி இருக்கிறது. அந்தப் படியில் ஏன் நாம் கால் வைப்பதில்லை?

இந்தக் கேள்வியோடு ஒருநாள் காஞ்சிபுரத்துக்குப் போனேன். பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளரின் இல்லம். முன்கட்டு முழுவதையும் தறியே அடைத்துக்கொண்டிருந்தது. அவர் குழியில் கால் தொங்கவிட்டு மிதியை மிதிக்க, வலப்பக்கத்தில் அவர் மனைவி அமர்ந்து கரைக்கு நாடா தள்ளிக்கொண்டிருந்தார். அது கோர்வைப் புடவை. உடலுக்கு மயில்கழுத்து நிறம். இரு கரைகளுக்கும் அரக்கு. கரை வேறு, உடல் வேறாக மூன்று நாடாக்கள் ஓட, ஒவ்வோர் ஊடைக்கும் கரை இழையையும் உடல் இழையையும் கோத்து வாங்க வேண்டும். ஒருவர் கை சற்றுத் தாமதித்தாலும் கோர்வைக் கோடு கோணிவிடும். அவர்கள் பேசிக்கொள்ளவேயில்லை, ஒருவர் மூச்சு மற்றவருக்குத் தெரிந்ததுபோல் வேலை நடந்தது. வேலைப்பாட்டைப் பொறுத்துப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும் என்றார்கள்.

"இந்தப் புடவையை யார் உடுத்தப்போகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்க. கடைக்குக் கொடுத்துடுவோம். அதுக்கப்புறம் எந்த ஊருக்குப் போவுதோ" என்றார் அவர்.

அவர் மனைவி நாடாவை வைத்துவிட்டு எழுந்து, சுவரில் ஒட்டியிருந்த ஒரு பத்திரிகைத் தாளைக் காட்டினார். ஒரு பிரபல நடிகையின் உறவினர் திருமணப் படம் அது. அதிலிருந்த புடவையைச் சுட்டி, "இது நாங்க போட்டதுங்க" என்றார்.

எப்படி அடையாளம் கண்டீர்கள் என்று கேட்டேன். காஞ்சிபுரத்தில் எத்தனையோ தறிகள். ஒரே மாதிரிக் கரைகள். ஒரே மாதிரி நிறங்கள். அந்த அம்மையார் படத்தில் முந்தானையின் விளிம்பை விரலால் தொட்டுக் காட்டினார். கனத்த ஜரிகைப் பட்டை முடிந்த பிறகு, மெல்லிய இரட்டைக் கோடு ஒன்று ஓடியது. "முந்தி முடிக்கிறப்ப இவரு எப்பவும் இந்த ரெண்டு கோடு போடுவாருங்க. இவரு அப்பா போட்டது. வேற யாரும் இந்த மாதிரி விட்டுப் போடமாட்டாங்க."

தாய்மார்களே, அந்த இரட்டைக் கோட்டை நான் குனிந்து பார்த்தேன். இரண்டே இழைகள். தந்தையிடமிருந்து மகன் பெற்றுப் புடவைதோறும் இட்டுவரும் கையெழுத்து. படத்தின் கீழே நடிகையின் பெயர் இருந்தது, மணமக்கள் பெயர் இருந்தது, கடையின் பெயர் இருந்தது. நெய்தவர் பெயர் அந்த முந்தானையிலேயே இருந்தது; அதனைப் படிக்கத் தெரிந்தவர் அவர் மனைவி ஒருவரே.

உங்கள் பெயரை நான் மேடையிலே சொல்லட்டுமா என்று அவரைக் கேட்டேன். அவர் பதறிவிட்டார். "வேண்டாங்க. பட்டும் ஜரிகையும் கடைக்காரர்தான் கொடுக்கிறாரு. எங்க பேரு வெளியே வந்தா வேற கடைக்காரங்க தேடி வருவாங்கன்னு அவரு மனசு சங்கடப்படும். அப்புறம் பாவு வராது." பெயர் ஏன் மறைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்கு எங்கே கிடைக்கும்? பத்திரிகை ஆசிரியரின் மறதி ஒரு காரணந்தான். நல்ல கைக்காரரைப் பிறர் கண்ணில் படாமல் வைத்துக்கொள்ள விரும்பும் வியாபார வழக்கம் பெருங்காரணம். பாவுக்குப் பிறர் கையை எதிர்பார்த்திருப்பவர், தம் பெயரைக்கூட அவர்களிடம் ஒப்படைத்துவிட நேர்கிறது. ஆகையால் அவர் பெயரை இன்று நான் சொல்லவில்லை. அவரால் சொல்ல முடியாத நிலை இருக்கிறது என்பதை மட்டும் சொல்லுகிறேன்.

பெயர் வெளிப்பட்டால் அணிந்தவர் பெருமை குறைந்துபோகுமா? இம்மயிலாப்பூரிலே நின்றுகொண்டு அக்கேள்விக்கு விடை தேட வேண்டியதில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையார் மேடையில் உடுத்திய நீலப் பட்டுக்கு 'எம்.எஸ். நீலம்' என்றே பெயர் வழங்கிற்று. அவருடைய சங்கீதம்போல் அவருடைய நீலமும் ரசிகர் உள்ளத்தில் பதிந்தது. அந்த நீலத்தை உண்டாக்கிக் கொடுத்தவர் காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் என்பதை இன்றும் சங்கீத ரசிகர்கள் அன்போடு சொல்லுவார்கள். செட்டியார் பெயரைச் சேர்த்துச் சொல்லுவதனால் அம்மையாரின் கீர்த்தி ஒரு குன்றிமணியளவு குறைந்ததுண்டா? இருவரையும் சேர்த்து நினைக்கும்போது அந்த நிறம் நமக்கு இன்னும் நெருக்கமாகிறதே!

வழியும் இல்லாமற் போகவில்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு நம் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம், பட்டுப் புடவையோடு நெய்தவரின் படமும் பெயரும் தாங்கிய ஓர் அட்டையை இணைத்துக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. அரசுச் சார்புள்ள கூட்டுறவு நிறுவனமாகையால், பிறர் தேடி வருவார்கள் என்ற அச்சம் அதற்கு இல்லை. அத்தகைய அட்டையை வைத்து நீங்கள் என்ன செய்தீர்கள் என்று உங்களை அன்போடு கேட்கிறேன். பெட்டியோடு எறிந்துவிட்டிருந்தால் உங்களைக் குறை சொல்லமாட்டேன். அதனை வைத்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. இனி எறியாதீர்கள். உங்கள் இல்லத்துத் திருமணப் படத்தைப் பத்திரிகைக்கு அனுப்பும்போது, அவ்வட்டையிலுள்ள பெயரையும் ஒரு வரியாகச் சேர்த்து அனுப்புங்கள்.

பத்திரிகை ஆசிரியர்களுக்கு நான் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். ஒப்பனைக்காரர் பெயருக்குக் கீழே, அதே சிறிய எழுத்தில், நெய்தவர் அல்லது தைத்தவர் பெயருக்கு ஒரு வரி. அவர் இசைந்தால் பெயர், இசையாவிட்டால் அவருடைய ஊரும் தொழிலும். அதற்கு மேல் அதில் ஒன்றும் கேட்கவில்லை. செயலாளர் அவர்கள் அதனை வாயிலருகேயுள்ள மேசையின்மேல் வைக்க அன்புகூர்ந்து இசைந்திருக்கிறார்கள். உங்களுக்கு உடன்பாடானால், போகும்போது அதில் கையெழுத்திட்டுச் செல்லுமாறு வேண்டுகிறேன்.